கறவைப் பசுக்களின் மடிநோய்: காரணமும் சிகிச்சையும் தடுப்பும்

தோட்டப்புறத்தில் கறவைப் பசு வைத்திருக்கும் குடும்பத்திற்கு அப்பசு வெறும் கால்நடை அன்று. மழையால் பால்வெட்டு நின்றுபோன நாளிலும் வீட்டுக்கு நாலு காசு கொண்டுவருவது அதுவே. பிள்ளைகளின் காலைப் பாலும், விருந்தினர்க்குக் கொடுக்கும் மோரும், பக்கத்து லயத்தாருக்கு அளக்கும் பாலும் அதன் மடியிலிருந்தே வருகின்றன. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்ட இந்நாளிலும், மாட்டுக் கொட்டகையைக் கைவிடாத குடும்பங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. அவர்களுக்குப் பெருநட்டம் விளைவிக்கும் நோய்களுள் முதன்மையானது மடிநோய். மடிவீக்கம், மடியழற்சி என்றும் இதனை வழங்குவர்.

இந்நோயால் பசு இறப்பது அரிது. அதனாலேயே பலர் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசுவின் நான்கு காம்புகளுள் ஒன்று கெட்டு, அதனால் நாளொன்றுக்கு 1 லிட்டர் மட்டுமே குறைவதாக வைத்துக் கொள்வோம். 250 நாள் கறவையில் 250 லிட்டர் பால் போய்விடுகிறது. அதனை நீங்கள் விற்கும் விலையால் பெருக்கினால், மருத்துவருக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு எவ்வளவு சிறியது என்பது தெளிவாகும். சிகிச்சை தாமதமானால் அக்காம்பு மீண்டும் பால் தராமலே போகலாம். அந்த நட்டம் ஓர் ஈற்றோடு முடிவதன்று.

மலாயாவிற்குத் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் மாடு வளர்ப்பையும் உடன் கொண்டுவந்தனர். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்களே இங்கே நெடுங்காலம் தோட்டப்புறங்களில் இருந்தன. அவை கறப்பது சில படிதான். ஆனால் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். பின்னர் ஃபிரீசியன், சாகிவால் இனங்களைக் கலந்த பசுக்கள் வந்தன. மஃப்ரிவால் எனும் கலப்பினமும் உருவாயிற்று. இவை கூடுதலாகக் கறக்கின்றன, மடியும் பெரிது. பெரிய மடி தரையை நெருங்கித் தொங்கும். படுக்கும்போது சேற்றிலும் சாணத்திலும் படும். பால் மிகுதியால் காம்பின் வாய் எளிதில் திறந்து சொட்டும். ஆகவே, நாட்டுப் பசுவிடம் செல்லுபடியான பழைய கவனக்குறைவு கலப்பினப் பசுவிடம் செல்லாது.

மடியின் அமைப்பு

வெளியிலிருந்து பார்த்தால் மடி ஒரே பை போலத் தோன்றும். உண்மையில் அது நான்கு தனித்தனிச் சுரப்பிகள் சேர்ந்த அமைப்பு. ஒரு பகுதியில் சுரக்கும் பால் அடுத்த பகுதிக்குச் செல்வதில்லை. ஒவ்வொன்றும் தன் காம்பின் வழியாக மட்டுமே வெளிவரும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். ஒரு காம்பில் நோய் கண்டாலும் ஏனைய மூன்றையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதுவே அடிப்படை. ஒரு லிட்டர் பால் உண்டாவதற்கு ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் வரையிலான இரத்தம் மடியின் வழியாக ஓட வேண்டும் என்பர். அத்துணை வேலை நடக்கும் இடத்தில் சிறு கேடும் விரைவில் பெரிதாகிவிடும்.

காம்பின் நுனியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள நுண்ணிய குழாய் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வளையத் தசை அதனை இறுக மூடி வைக்கிறது. குழாயின் உட்புறத்தில் மெழுகு போன்றதொரு படலம் உண்டு. உள்ளே நுழையப் பார்க்கும் கிருமிகளை அது தடுத்து நிறுத்துகிறது. மடிக்குக் கதவும் காவலும் இந்த ஒரு சென்டிமீட்டர்தான். கறந்து முடித்தவுடன் இக்கதவு உடனே மூடிக்கொள்வதில்லை. தசை இறுகுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்நேரத்தில் பசு ஈரத்தரையில் படுத்துவிட்டால் திறந்த கதவு சாணத்தின்மேல் பதிகிறது. கறந்தபின் புல்லும் பிண்ணாக்கும் வைத்துப் பசுவை நிற்கச் செய்ய வேண்டும் என்று கால்நடை அலுவலர்கள் சொல்வது இதற்காகவே. நம்மில் பலர் தீனியைக் கறக்கும்போதே வைத்துத் தீர்த்துவிடுகிறோம். பசு அமைதியாக நிற்க அது உதவும் என்பது உண்மைதான். ஆயினும் ஒரு பங்கைப் பின்னுக்கென எடுத்து வைத்தல் வேண்டும்.

நோய்க்குக் காரணம் யாது?

மடி வீங்கியதும் கண்ணேறு பட்டது என்பாருண்டு. உடற்சூடு என்பாரும் உண்டு. சுற்றிப்போடுவதாலும் சாம்பிராணி காட்டுவதாலும் பசுவுக்குத் தீங்கொன்றும் இல்லை. ஆனால் அவ்வாறு செய்துவிட்டுக் காத்திருக்கும் இரண்டு நாளில்தான் காம்பு கெட்டுப்போகிறது. மடிநோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகளே. அவை பெரும்பாலும் காம்பு நுனி வழியாகவே உள்ளே செல்கின்றன.

அக்கிருமிகள் இரு வகைப்படும். முதல்வகை, மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவுவது. நோயுற்ற மடிக்குள்ளும் காம்புத் தோலின் வெடிப்புகளிலும் வாழ்ந்து, கறப்பவரின் கை, துடைக்கும் துணி, பல மாடுகளிடம் ஊட்டும் கன்று ஆகியவற்றின் மூலம் அடுத்த காம்பைச் சேர்கிறது. ஸ்டெப்டோகாக்கஸ் அகலாக்டியே, ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் இரண்டும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. ‘அகலாக்டியே’ என்னும் சொல்லுக்கே பாலின்மை என்று பொருள். பெயர் வைத்தவர் அனுபவித்துத்தான் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் வகை, சுற்றுப்புறத்தில் வாழ்வது. சாணம், சேறு, அழுக்கு நீர், ஈரமான படுக்கை ஆகியவற்றில் பெருகி, வாய்ப்புக் கிடைக்கும்போது மடிக்குள் புகுகிறது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை.

கிளெப்சியெல்லாவைப் பற்றித் தோட்ட மக்கள் தனியே அறிந்திருத்தல் வேண்டும். மர ஆலைகளிலிருந்து மரத்தூளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டகையில் பரப்புவோர் உளர். காய்ந்த மணலோடு ஒப்பிட்டால் மரத்தூள் மென்மையானது. பசுவும் அதில் சுகமாகப் படுக்கும். எனினும் பச்சை மரத்தூள் சிறுநீரில் நனைந்து கிடந்தால் இக்கிருமி அதில் வெகுவாகப் பெருகுகிறது. மரத்தூள் பயன்படுத்துவதாயின் நன்றாகக் காய்ந்ததைப் பயன்படுத்துங்கள்; நனைந்த பகுதியை அன்றன்றே அள்ளிவிடுங்கள். அதற்கு நேரமில்லையெனில் வெறும் சிமெண்டுத் தரையைக் கழுவிக் காயவிடுவதே மேல்.

கிருமி வெளியில் எங்கும் உண்டு. ஆனால் அது உள்ளே நுழைய நாமே வழி திறந்துவிடும் சந்தர்ப்பங்கள் பல. முள்வேலியில் கிழிந்த காம்பு, ஈ மொய்க்கும் புண், நீண்ட நகம், முரட்டுக் கறவை ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் கறவை முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கறக்கும் கை

பெருவிரலை மடக்கி, அதன் கணுவுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே காம்பை அழுத்திக் கறப்பது நம்மவரிடையே பரவலான பழக்கம். பால் விரைவாக வருவது போல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அழுத்தத்திலும் அந்தக் கணு காம்பின் உட்சுவரை நசுக்குகிறது. நாளடைவில் உள்ளே தழும்பு ஏற்பட்டுக் காம்பு கட்டித்துப்போகிறது. நசுங்கிய இடம் கிருமிக்கு நல்ல குடியிருப்பு. ஐந்து விரலாலும் காம்பைச் சூழப் பிடித்து, மேலிருந்து கீழாக விரல்களை ஒவ்வொன்றாக மூடி அழுத்தும் முழுக்கை முறையே சிறந்தது. சிறிய காம்புள்ள தலையீற்றுப் பசுவுக்கு இருவிரலால் பிதுக்க நேரிடலாம். அங்கும் இழுத்து உருவுதல் கூடாது.

விரலைப் பாலில் நனைத்துக்கொண்டோ, காம்பின்மேல் பால் பீய்ச்சி ஈரமாக்கியோ கறப்பது மற்றொரு தீய பழக்கம். ஈரம் கிருமிக்கு வண்டி. கையிலுள்ள அழுக்கும் காம்பிலுள்ள அழுக்கும் கரைந்து நுனிக்கு வழிந்து, அங்கே துளியாக நின்று, அழுத்தம் விடும்போது உள்ளே உறிஞ்சப்படுகின்றன. கையும் காம்பும் உலர்ந்திருக்க வேண்டும். கை வழுக்க வேண்டுமென்றால் கறவைக்கென விற்கும் களிம்பைச் சிறிது தடவலாம்.

தோட்டத் தொழிலாளர்க்கு உள்ள தனி இடர்ப்பாடு நேரம். பெரட்டுக்குமுன் கறந்து முடிக்க வேண்டும்; இருட்டில், அவசரத்தில் வேலை நடக்கிறது. மடியைக் கழுவித் தடவிய ஒரு நிமிட அளவில் பசு பாலை இறக்குகிறது. மூளையிலிருந்து சுரக்கும் ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீரே பாலை இறங்கச் செய்வது. அதன் வேலை ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான் நீடிக்கும். மடியைக் கழுவிவிட்டு வாளி தேடப் போனால் அந்நேரம் வீணாகிறது. பசுவை அதட்டினாலும் அடித்தாலும் சுரப்பே நின்றுவிடும். பாலை அடக்கிக்கொண்டது என்று பசுவின்மேல் பழி போடுகிறோம். மடியில் தங்கிவிட்ட பால், முன்பே உள்ளே இருக்கும் கிருமிக்கு உணவாகிறது. எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு மடியைத் தொட்டு, தொடர்ச்சியாகக் கறந்து முடிப்பதே முறை.

இன்னொன்று. பால்வெட்டி வந்த கையோடு மாலைக் கறவைக்கு உட்காருவோர் உண்டு. உளிக் காயம் பட்ட விரல், கட்டைப்பால் ஒட்டிய நகக்கண், மங்கு துடைத்த விரல் ஆகியவற்றோடு மடியைத் தொடுதல் தகாது. சோப்பிட்டு முழங்கை வரை கழுவுங்கள். விரலில் சீழ்ப்புண் உள்ளவர் அது ஆறும்வரை கறக்க வேண்டா. மனிதர் புண்ணிலுள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் மாட்டின் காம்புக்கும் ஏறலாம். ரப்பர்ப்பாலை உறைய வைக்கும் ஆசிட்டை நீரில் கலந்து மாட்டுப் புண்ணைக் கழுவுவது அறவே கூடாத செயல். மரப்பாலுக்கு ஆவது மாட்டின் தோலுக்கு ஆகாது.

நோயின் அறிகுறிகள்

கடுமையான மடிநோயை அடையாளம் காண்பது எளிது. மடியின் ஒரு பகுதி வீங்கிச் சிவந்து சுடும். தொட்டால் பசு உதைக்கும். பால் நீர்த்து, மஞ்சளித்து, திரிதிரியாகவோ தயிர்க்கட்டி போலவோ இரத்தம் கலந்தோ வரும். பசு தீனி எடுக்காது, காய்ச்சல் காணும். மாட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ், 39.5 பாகைக்கு மேற்பட்டால் காய்ச்சல் என்று கொள்ளலாம்.

ஈன்ற சில நாட்களுக்குள் ஈ. கோலை தாக்கினால் நிலைமை வேறு. மடி பெரிதாக வீங்காமலும் இருக்கலாம். பால் வெளிறிய நீர்போல இருக்கும். பசுவின் காதும் காலும் சில்லிட்டு, கண் குழிந்து, கழிச்சல் கண்டு, எழ முடியாமல் படுத்துவிடும். ஓரிரு நாளில் உயிரும் போகலாம். இந்நிலையில் காலை வரட்டும் என்று இருப்பது தவறு; எந்நேரமானாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். அவ்வாறே மடியின் தோல் நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தாலும் உடனே அழைக்க வேண்டும். அது அழுகத் தொடங்கியதன் அடையாளம்.

தலையீற்றுப் பசுவுக்கு ஈனுவதற்குச் சற்றுமுன் மடி முழுவதும் நீர் கோத்து வீங்குவதுண்டு. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மேலெழும், சூடு இராது, சீம்பாலும் இயல்பாக இருக்கும். அது நோயன்று. சில நாளில் தானே வடியும். இதனை மடிநோய் என்று எண்ணி ஊசி போடச் சொல்லி மருத்துவரை வற்புறுத்த வேண்டா.

மறைந்திருக்கும் நோயே பெரிய நட்டத்தை விளைவிப்பது. மடியில் வீக்கமில்லை, பாலில் திரியில்லை, பசுவும் நன்றாகத் தின்கிறது. ஆயினும் பால் சிறுகச் சிறுகக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியும் நோய் ஒன்றிருந்தால் தெரியாத நோய் பல மடங்கு இருக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் எங்கும் கண்டுவரும் உண்மை. வயது ஏறிவிட்டது, தீனி போதவில்லை என்றெல்லாம் காரணம் கூறிக்கொண்டு, அதே கையால் அடுத்த பசுவையும் கறந்து நோயைப் பரப்புகிறோம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

முதலாவது, கறக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைக் கறுப்பு நிறக் கிண்ணத்திலோ, கிண்ணத்தின்மேல் கட்டிய கறுப்புத் துணியிலோ விழச்செய்து பார்த்தல். வெள்ளைக் கிண்ணத்தில் தெரியாத சிறு திரிகூடக் கறுப்பில் தெரியும். அப்பாலைத் தரையில் பீய்ச்சுதல் கூடாது. உள்ளங்கையில் பீய்ச்சிப் பார்த்துவிட்டு அதே கையால் கறப்பது அதனினும் கேடு. இச்சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை, நாள்தோறும் செய்யலாம்.

இரண்டாவது, மறைந்த நோயைக் காட்டும் சோதனை. கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை எனப்படும் இம்முறை 1957ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நான்கு குழியுள்ள தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பிடித்து, அதே அளவு சோதனை நீரைச் சேர்த்து மெல்லச் சுழற்றுவர். நல்ல பால் நீர்த்தபடியே ஓடும். நோயுற்ற பால் கொழகொழத்துக் கூழ்போல் திரளும். கிருமியை எதிர்க்க மடிக்குள் வந்து குவிந்த வெள்ளணுக்களைச் சோதனை நீர் உடைப்பதால் அவ்வாறு திரள்கிறது. நல்ல பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 இலட்சத்துக்கும் குறைவான அணுக்களே இருக்கும். அதற்கு மேற்பட்டால் அந்தப் பகுதியில் நோய் குடிகொண்டிருக்கிறது என்று ஐயுறலாம்.

சோதனை நீர் கிடைக்காதவர்க்கும் வழி உண்டு. துணி துவைக்கும் சலவைத் தூளை 100 மில்லிலிட்டர் நீருக்கு 3 கிராம் வீதம் கரைத்து, பாலோடு சம அளவு கலந்து சுழற்றினாலும் ஏறத்தாழ அதே மாற்றம் தெரியும். பாகிஸ்தானில் சிறு மாட்டுக்காரர்களுக்கென ஆய்வாளர்கள் இம்முறையைப் பயன்படுத்திக் காட்டினர். மாதம் ஒருமுறை செய்தல் போதுமானது. ஈன்ற முதல் வாரத்திலும் பால் வற்றும் தறுவாயிலும் நல்ல மடியின் பால்கூடச் சற்றுத் திரளும். அக்காலத்து முடிவை நம்ப வேண்டா. சோதித்த பாலைப் பிள்ளைகள் எடுக்காதபடி அப்போதே கொட்டிவிடுக.

சிகிச்சை

நோய் கண்டதும் செய்ய வேண்டிய முதற்காரியம், அப்பசுவைக் கடைசியாகக் கறப்பது. அதன் நல்ல காம்புகளை முதலிலும் நோயுற்ற காம்பை இறுதியிலும் கறக்க வேண்டும். கெட்ட பாலைத் தனிப் பாத்திரத்தில் பிடித்து, கிருமிநாசினி கலந்து, கொட்டகைக்குத் தொலைவில் குழிதோண்டி ஊற்ற வேண்டும். இரண்டாவது காரியம், நோயுற்ற பகுதியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதும் கறந்து வெளியேற்றுவது. வலியால் பசு மறுக்கும். பொறுமையோடு செய்தால் நஞ்சும் கிருமியும் ஓரளவு வெளியேறும். சூடும் சிவப்பும் மிகுந்த தொடக்கத்தில் குளிர்ந்த நீரை ஊற்றலாம். சூடு தணிந்து கட்டிப்பட்ட பின்னர் வெதுவெதுப்பான ஒத்தடம் தரலாம். மூன்றாவது, மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்கு அன்றே சொல்லியனுப்புவது. முதல் நாளில் தொடங்கும் சிகிச்சைக்கும் நாலாம் நாளில் தொடங்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு ஒரு காம்பின் விலை.

மருத்துவர் பெரும்பாலும் காம்பின் வழியே செலுத்தும் குழல் மருந்தைத் தருவார். அதனை வீட்டில் செலுத்த நேர்ந்தால் முறை தெரிந்திருத்தல் அவசியம். மடியை முழுவதும் கறந்து, காம்பைக் கழுவி உலர்த்துங்கள். சாராயத்தில் தோய்த்த பஞ்சால் காம்பு நுனியைத் துடையுங்கள். துடைக்கும்போது உங்களுக்கு அப்பாலுள்ள காம்புகளை முதலிலும் இப்பாலுள்ளவற்றைப் பின்னும் துடைக்க வேண்டும். மருந்திடும்போது இப்பாலுள்ளதில் தொடங்க வேண்டும். அப்போதுதான் துடைத்த காம்பைச் சட்டைக் கை தொடாது. குழலின் முனையைச் சிறிதளவே நுழைத்தால் போதும். முழுவதும் திணித்தால் அந்த மெழுகுப் படலம் கிழியும். மருந்து சென்றபின் மேல்நோக்கித் தடவிவிடுக.

காம்பு அடைத்துக்கொண்டது என்று வேப்பங்குச்சி, கோழியிறகின் தண்டு, சைக்கிள் வால்வுக் குழாய் முதலியவற்றை உள்ளே செலுத்துவதைக் காட்டிலும் கொடிய வைத்தியம் இல்லை. மருத்துவர் கொல்லக்கூடிய கிருமி ஒன்றிருந்த மடிக்குள், அவர் அறியாத கிருமி பலவற்றை அக்குச்சி கொண்டு சேர்க்கிறது.

மருந்து குறிக்கப்பட்ட நாள்வரை முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டும். இரண்டாம் நாளே பால் தெளிந்துவிட்டது என்று நிறுத்தி, எஞ்சிய குழலை உறவினர் மாட்டுக்குக் கொடுப்பது நல்லெண்ணத்தால் செய்யும் தீங்கு. அரைகுறை மருந்தில் பிழைத்த கிருமி அடுத்த முறை அம்மருந்துக்கு மடங்காது. ஸ்டெப்டோகாக்கஸ் அகலாக்டியே பெனிசிலினுக்கு நன்கு கட்டுப்படும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அவ்வாறன்று. மடித் திசுவுக்குள் தழும்புச் சுவரெழுப்பி மறைந்துகொள்ளும், மருந்து அதனை எட்டாது. நெடுநாள் பட்ட காம்பு மருந்துக்கு மசியாதபோது மருத்துவரைக் குறைகூறுவதில் பயனில்லை. கூடுமாயின், மருந்திடுமுன் சிறிது பாலைத் தூய குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புமாறு அவரைக் கேளுங்கள்.

மருந்திட்ட பசுவின் பாலை, உறைமேல் குறித்த நாட்கள் கழியும்வரை விற்றலும் ஆகாது, குடித்தலும் ஆகாது. ஒரு காம்பில் மட்டும் மருந்திட்டிருந்தாலும் நான்கு காம்பின் பாலுக்கும் இவ்விதி பொருந்தும். மருந்து இரத்தத்தில் கலந்து மற்றவற்றிலும் சுரக்கும். பெனிசிலின் ஒவ்வாத மனிதர்க்கு அப்பாலால் தடிப்பும் மூச்சுத்திணறலும் வரலாம். காய்ச்சினால் போய்விடும் என்பது தவறான எண்ணம். மருந்து கலந்த பால் தயிராக உறைவதில்லை. உறைக்கிருமியையும் மருந்து கொன்றுவிடுகிறது. பிரைக்குற்றிய பால் மறுநாளும் பாலாகவே இருந்தால், பால் கொடுத்தவரிடம் இதுபற்றிக் கேட்கலாம். திரி வந்த பாலையும் வடிகட்டிக் காய்ச்சி விற்பது தகாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் விட்டுச்செல்லும் நஞ்சு காய்ச்சியும் அழிவதில்லை. குடித்த குழந்தைக்கு வாந்தியும் கழிச்சலும் காணும்.

மூலிகை வைத்தியம் பற்றிக் கேட்போருக்காக ஒரு செய்தி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபுவழி மூலிகை வைத்தியத்துக்கெனத் தஞ்சாவூரில் ஒரு மையத்தை நடத்தி, மடிநோய்க்கான கூட்டு ஒன்றைப் பரப்பியது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, ஒவ்வொரு கைப்பிடி எடுத்து நீர் கலந்து, கறந்து கழுவிய மடி முழுவதும் நாளில் பலமுறை பூசுவது. ஐந்து நாள் தொடர்வது. நாளொன்றுக்கு இரண்டு எலுமிச்சம்பழம் தின்னக் கொடுப்பது. மேற்பூச்சாதலால் தொடக்க நிலையிலுள்ள வீக்கத்துக்கு இதனைச் செய்து பார்க்கலாம். காய்ச்சல் கண்ட பசுவுக்கும் படுத்துவிட்ட பசுவுக்கும் இதனை மட்டும் நம்பி நாளைக் கடத்துதல் கூடாது. அடுத்த கறவைக்குமுன் பூச்சை நன்கு கழுவித் துடைக்கவும் வேண்டும்.

வருமுன் காத்தல்

1960ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் ரெடிங் நகரை அடுத்த பாற்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தினர், மடிநோயைக் கட்டுப்படுத்த ஐந்து செயல்களை வகுத்தனர். கறந்தபின் காம்பைக் கிருமிநாசினியில் தோய்த்தல், நோய் கண்டதும் சிகிச்சை அளித்து அதனைக் குறித்து வைத்தல், பால் வற்றும் காலத்தில் மருந்திடல், தீராத நோயுள்ள மாட்டை மந்தையிலிருந்து நீக்கல், கறவைப் பொறியைச் சீராக வைத்திருத்தல் என்பன அவை. நமக்குப் பொறியில்லை; நம் கையே பொறி. அதனைச் சீராக வைப்பது எப்படி என்று மேலே பார்த்தோம்.

இவற்றுள் காம்பைத் தோய்த்தலே மலிவானதும் பெரும்பயன் தருவதும் ஆகும். 0.5 விழுக்காட்டு அயோடின் கரைசலைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, கறந்தவுடன் ஒவ்வொரு காம்பையும் பாதிக்கு மேல் முங்கும்படி ஒரு நொடி தோய்த்தெடுக்க வேண்டும். காயத்துக்குப் பூசும் சாராய அயோடினை இதற்குப் பயன்படுத்தினால் காம்பு வெடிக்கும். காம்புக்கென்றே விற்கும் கரைசலில் தோல் உலராதிருக்க மென்பொருள் சேர்த்திருப்பர். கிண்ணத்தில் எஞ்சியதைக் குப்பியில் திரும்ப ஊற்றாதீர்கள். மறுமுறை கறக்குமுன் காம்பைத் துடைத்துவிட்டால் பாலில் அயோடின் கலவாது. கறந்தபின் தன் கன்றை ஊட்டவிடுவோர், கன்று ஊட்டி முடித்தபின் தோய்க்கலாம். நல்ல மடியில் எஞ்சிய பாலைத் தன் கன்று குடித்துவிடுவது மடிக்கு நன்மையே. நோயுற்ற காம்பை ஊட்டிய கன்றை வேறு பசுவிடம் விடுவதே கேடு.

கறக்கும் வரிசையும் முக்கியமானது. தலையீற்றுப் பசு முதலில், நோயற்ற மற்றவை அடுத்து, முன்பு நோய் கண்டவை அதன்பின், இப்போது நோயுள்ளது கடைசி. இவ்வரிசைக்குக் காசு வேண்டா; கட்டும் இடத்தை மாற்றினால் போதும். ஒரே துணியால் எல்லா மடியையும் துடைப்பது, ஒரு மாட்டின் நோயை எல்லா மாட்டுக்கும் பூசுவதற்கு ஒப்பாகும். பழைய சட்டையைக் கிழித்து மாட்டுக்கொரு துண்டாக வைத்துக்கொண்டு, நாள்தோறும் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள்.

ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்திவிட வேண்டும். சினைப்பசுவைக் கடைசிவரை கறப்பது அடுத்த ஈற்றின் பாலை இப்போதே கடன் வாங்குவதாகும். கறவை நின்ற முதல் இரண்டு வாரமும் ஈனுவதற்கு முந்திய இரண்டு வாரமும் மடிக்கு ஆபத்தான காலம். ஆகவே, நீண்டநாள் நிற்கும் மருந்தைக் கறவை நிறுத்தும் நாளில் காம்புகளில் இடுவர். முன்னர் எல்லாப் பசுவுக்கும் இடுமாறு கூறினர். மருந்துக்கு மடங்காத கிருமிகள் பெருகியதால், இப்போது நோய்க்குறி உள்ள பசுவுக்கு மட்டும் இடுமாறு பல நாடுகளில் கூறுகின்றனர். உங்கள் பசுவுக்கு வேண்டுமா என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்வார். இக்காலத்தில் கறக்கவில்லையே என்று பசுவை மறந்துவிடாமல், நாளொரு முறை மடியைப் பார்த்து வரவேண்டும்.

கொட்டகையில் சிறுநீர் தேங்காதபடி தரை சாய்வாக இருக்கட்டும். மழைக்காலத்தில் வாயிற்புறச் சேற்றில் கல்லும் சரளையும் கொட்டுங்கள். மடி நனைவது பெரும்பாலும் அங்கேதான்.

பசு வாங்கும்போது விற்பவர் மடியைத் தட்டிக்காட்டுவதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டா. நான்கு காம்பையும் நீங்களே கறந்து பாருங்கள். கறுப்புத் துணியும் சலவைத் தூளும் கொண்டு செல்வதில் வெட்கமில்லை. கறந்த மடியை அழுத்தினால் பஞ்சுபோல் இருக்க வேண்டும். உள்ளே கல்போலக் கட்டி தென்பட்டால் பழைய நோய் என்று அறிக.

தீராத நோயுள்ள பசுவை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. நீக்கிவிடுக என்று பண்ணை நூல்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. பிள்ளைபோல் வளர்த்த பசுவை வெட்டுக்கு அனுப்ப நம்மவர்க்கு மனம் வராது. வேறொருவர்க்கு உண்மையை மறைத்து விற்பதோ அவர் கொட்டகைக்கு நோயை விற்பதாகும். ஒரு பகுதி மட்டும் கெட்டதாயின், மருத்துவரின் துணையோடு அப்பகுதியை வற்றச் செய்துவிட்டு மூன்று காம்பில் கறந்து வரலாம். அடுத்த ஈற்றில் அம்மூன்றும் சற்றுக் கூடுதலாகச் சுரந்து இழப்பில் ஒரு பங்கை ஈடுசெய்வதுண்டு. அத்தகைய பசுவைத் தனியிடத்தில் கட்டி, எப்போதும் கடைசியாகவே கறந்து, ஒவ்வொரு முறையும் காம்பைத் தோய்த்து, கறந்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவி வந்தால் மற்ற பசுக்களுக்கு நோய் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.